இவர் உடைத்த சுவர்கள்

லண்டன் கிங்ஸ்பரி வீட்டுக்கு நாங்கள் குடிபுகுந்த அன்றே ஒரு சுவர் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். இவர் அடித்து விழுத்தினார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இனிப் பழகும் உத்தேசமும் இல்லை.

சண்டை பாலில் தொடங்கியது. வீடு குடிபுகும்போது பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும். எங்கே காய்ச்சுவது என்பதுதான் வழக்கு. அந்த வீட்டில் ஒரு பழைய விறகு அடுப்பங்கரை இருக்கிறது, ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம். மேலே கருங்காலி நிறத்தில் ஒரு பெரிய ஓக் மர உத்தரம். அந்தக் காலத்தில் வேல்ஸிலிருந்து மாடுகளோடு வந்து, லண்டனுக்குப் பால் விற்றுப் பிழைத்த ஒரு குடும்பம் கட்டிய பண்ணை வீடு அது. பால்காரருடைய வீட்டில் பாலை அவர்களுடைய அடுப்பிலேயே பொங்கவிடுவோம் என்றேன். இவர் புகைபோக்கி கூட்டவில்லை, புகை உள்ளே அடிக்கும், காஸ் அடுப்பில் வை என்றார். இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், மோர்டனிலிருந்து புதுப் பானையோடு வந்து நடுவில் நிற்கிறார். என் வாய் சும்மா இருக்குமா? "அடுப்பு மூட்டப் பயமெண்டால் இந்த வீட்டை ஏன் வாங்கினியள்?" என்று கேட்டுவிட்டேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பால் காஸ் அடுப்பில்தான் பொங்கியது.

 எல்லாரும் சாப்பிட்டு, கைகழுவி, கார் எடுத்துப் போகும்வரை இவர் சிரித்த முகத்தோடு வாசலில் நின்று கையசைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர் "ஆரைப் பார்த்தடி சனம் சிரிச்சது?" என்றார். மற்ற நேரங்களில் 'நீர்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அவள் அப்போது பாலர் வகுப்பு. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா, கொதி அடங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு முதல் அடி விழுந்தது. யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சம்மட்டியால் இவர் இறக்கிய ஒவ்வொரு அடிக்கும் பிள்ளை என் கழுத்தை இறுக்கினாள். உள்ளே போனபோது காஸ் அடுப்பு இருந்த குசினிக்கும், அந்தக் காலத்தில் பாலைக் குளிராக வைத்திருந்த சின்ன அறைக்கும் இடையில் இருந்த சுவர் இல்லை. வெள்ளைத் தூசுக்குள் இவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை வந்த சனம் என்ன சொன்னது தெரியுமா? "அட, குசினி நல்ல விசாலமா வந்திட்டுது! ஓப்பின் பிளானோ?" இவர் "ஓம், கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமெண்டு" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். 

மச்சாளைத் தனியே பிடித்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்காகக் கலங்கவில்லை. "எங்கட ஐயா எங்கட அம்மாவைப் போட்டு அடிச்ச அடி உனக்குத் தெரியாது. இவன் சின்னனிலயே சத்தியம் பண்ணினவன், பொம்பிளைக்குக் கை நீட்டன் எண்டு. உன்னைத் தொட்டவனோ? சொல்லு, ஒருக்காலாவது தொட்டவனோ?"

"இல்லை."

"பேந்தென்ன? சுவருக்குத்தானே அடிக்கிறான். கொதியன், ஆனால் நல்லவன். வாயைக் கிளறாமல் இரு."

 உண்மையில் இவர் என்னைத் தொட்டதில்லைதான். கலியாண வீடுகளில் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். "நான் ஒருநாளும் கை வைச்சதில்லை, கேட்டுப் பாருங்கோ" என்று என்னைக் காட்டுவார். சனமும் என்னைப் பார்க்கும். நானும் தலையாட்டுவேன். தங்கமான மனுசன் கிடைத்திருக்கிறார் என்று பெண்கள் என் காதுக்குள் சொல்லுவார்கள்.

இவர் ஜேர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தவர். கட்டட வேலைதான் தொழில். ஹரோ, வெம்பிளிப் பக்கம் எத்தனையோ தமிழ் வீடுகளுக்குப் பின்பக்கம் அறை இறக்கியிருப்பார், கூரைக்குள் படுக்கையறை போட்டிருப்பார். அருமையான வேலைக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் வீதி முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள், இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு. எங்களுடையது மட்டும் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு கோணலாக நிற்கும். வீதிக்கு முந்தியது வீடு, அதனால்தான். முந்தி ஒரு அந்தத்தில் மனிதர், மறு அந்தத்தில் மாடு, நடுவில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேரே ஒரு நடைவழி. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கீழ்ச் சுவர்கள் கை முழம் தாண்டிய பருமன். படி புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும், உயரமான ஆள் குனிந்துதான் ஏற வேண்டும். அரசாங்கம் பாதுகாக்கிற 'லிஸ்டட்' வீடு, ஆணி அடிப்பதென்றாலும் கவுன்சிலைக் கேட்க வேண்டும் என்று வாங்கும்போதே சொன்னார்கள். இவர் "ஆர் வந்து பார்க்கிறது?" என்றார்.

பால் அறைச் சுவருக்குப் பிறகு நடைவழியின் பலகைத் தடுப்புப் போனது. நான் என் தம்பியின் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு இவரைக் கேட்காமல் வருகிறோம் என்று சொல்லிவிட்டேனாம். அந்தப் பலகைகள் ஒவ்வொன்றும் என் தொடை அகலம், ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றவை. பிளந்து கிழிந்த சத்தம் எலும்பு முறிகிற மாதிரி இருந்தது. மாட்டுப்பட்டிப் பக்கத்தில் நான் தையல் மெசினும் துணியும் வைத்திருந்த சின்ன அறை போனது, வேலையிடத்தில் என்னைப் பொறுப்பாளராக்கிய கிழமை. நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், சம்பளம் கூடினதைச் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் குற்றம். மெசின் தப்பியது, அறை தப்பவில்லை. பிறகு மேல் மாடியில் படிக்குப் பக்கத்துச் சுவர். அதற்கு என்ன காரணம் என்று எனக்கே இப்போது ஞாபகமில்லை. கோதாரி பிடித்த காரணம் ஏதோ ஒன்று.

ஒவ்வொரு முறையும் நானும் மகளும் காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்போம். கத்தல் நிற்கும். ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நான் நல்லூர்க் கந்தனைக் கும்பிடுவேன், இன்றைக்கு மட்டும் வேண்டாமப்பா என்று. பிறகு முதல் அடி. உள்ளே திரும்பிப் போனால் அடுப்பின் மணிக்கூடு பூச்சியத்தைக் காட்டி மின்னிக்கொண்டிருக்கும், அதைச் சரிசெய்துவிட்டுத் தூசு கூட்டத் தொடங்குவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இவர் உடைந்த ஓரங்களை வடிவாகப் பூசி, வெள்ளை அடித்து முடித்துவிடுவார். இரண்டு கிழமை தேன் மாதிரிப் பேசுவார். மகள் வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போனபோது எங்கள் வீட்டில் சுவரைவிட வாசல் கூடிவிட்டது. அவளுடைய சிநேகிதிகள் வந்து, "உங்கட வீடு சோ ஸ்பேஷியஸ், ஆன்ட்டி" என்பார்கள்.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் ஸ்கிப்பில், அதுதான் கட்டடக் குப்பை ஏற்றுகிற இரும்புத் தொட்டியில், பழைய ஓக் மரம் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டு அறிவித்துவிட்டார். இவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பானவள். கையில் ஒரு டோர்ச், முழங்காலில் அழுக்கு. வேல்ஸ்காரர் தங்கள் ஊர் வீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், லண்டனுக்குள் இப்படி ஒன்று மிஞ்சியதே பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குசினியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, அந்த முகம்! யாரோ செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குள் இருந்த எனக்காக ஒருவரும் அப்படி வாயைப் பொத்தவில்லை.

அவள் எல்லா இடத்தையும் தட்டிப் பார்த்தாள், டோர்ச் அடித்தாள், படம் எடுத்தாள். மேல் மாடியில் எங்கள் படுக்கையறைக்கும் மகளின் அறைக்கும் இடையில் இருந்த சுவருக்கு முன்னால் மட்டும் முகம் மலர்ந்தது. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர். சாணம், வைக்கோல், மாட்டு மயிர் எல்லாம் குழைத்த மண். வீட்டிலேயே பழையது இதுதான், இதையாவது விட்டுவையுங்கள் என்றாள்.

பிறகு என்னிடம் திரும்பி, "இதையெல்லாம் யார் செய்தது?" என்று கேட்டாள்.

"என் கணவர்." பொய் சொல்ல அலுத்துவிட்டது. "கோபம் வந்தால் உடைப்பார். கோபத்தில் அவருக்குக் கண் தெரியாது."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அப்படி இருக்க முடியாது" என்றாள். "கண் தெரியாமல் உடைத்திருந்தால் இந்தக் கூரை எப்போதோ உங்கள் தலையில் இருந்திருக்கும். பாரம் தாங்குகிற ஒரு சுவரில்கூட அவர் கை வைக்கவில்லை. ஒரு உத்தரமும் வெட்டுப்படவில்லை. ஒரு மின்கம்பியும் அறவில்லை. செய்தவர் ஒவ்வொரு இடத்தையும் நிதானமாகப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறார்."

இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் படியில் அப்படியே இருந்துவிட்டேன். அடிக்கு முன்னால் வருகிற அந்த இடைவெளி! நான் காருக்குள் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்?

அதைப் பார்க்க எனக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டி வரவில்லை. கவுன்சில்காரியை உள்ளே விட்டதற்காகச் சண்டை வந்தது. "ஆரைக் கேட்டடி கதவைத் திறந்தனி?" மகளைக் காருக்கு அனுப்பிவிட்டு நான் போகாமல் நடைவழியில் நின்றேன். இவர் என்னைக் கவனிக்கவில்லை. கத்தி முடித்ததும் நேரே படிக்குக் கீழே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து, சுவரில் இருந்த முருகன் படத்தை இரண்டு கையாலும் பக்குவமாகக் கழற்றி மேசையில் சாய்த்து வைத்தார். கதிரையில் உட்கார்ந்து, இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தை மாட்டினார். குனிந்து கயிறு கட்டினார். இரண்டு சப்பாத்துக்கும், இரட்டை முடிச்சு. எழும்பிச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய், விரல் முட்டியால் அந்தச் சுவரைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார் அல்லவா, அந்த நிதானம்.

  இத்தனை வருஷம்! இத்தனை வருஷம் நான் இந்த மனுசனுக்குப் பாவம் பார்த்திருக்கிறேன். தகப்பன் அடித்து வளர்த்த பிள்ளை, கொதி வந்தால் தன்னை மறந்துவிடும் என்று சோறு போட்டுத் தலை தடவியிருக்கிறேன்.

"கயிறு வடிவா இறுக்கியாச்சோ?" என்று கேட்டேன். "தடக்கி விழுந்திடுவியள்."

திரும்பினார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. களவில் பிடிபட்ட முகம். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அன்று ஒரு சுவரும் விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவர் என்னைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட அந்தச் சுவரை விட்டால், வீட்டில் உடைக்கக்கூடியது இனி ஒரே ஒரு சுவர்தான், அதற்குப் பின்னால் என் பிள்ளை படுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். இந்த ஆளை எப்படியாவது வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும், அதற்குள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதே எனக்கு இரவு பகல் யோசனை. மச்சாளிடம் சொன்னேன். "கவுன்சில் கரைச்சல் முடியட்டும், நான் வந்து கதைக்கிறன்" என்றார்.

மகளிடமும் சொல்லிவிட்டேன், சப்பாத்துக் கதையை. அவள் அழவில்லை. அடுத்த சனிக்கிழமை கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து தன் அறைக் கதவில் தானே பொருத்தினாள். தகப்பனுடைய திருப்புளியால்தான் பொருத்தினாள், வேலையில் பிழை சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் இவர் வந்து கதவைத் தள்ளினார். திறபடவில்லை.

"என்ர வீட்டில எனக்குப் பூட்டோ?"

"ஓம்" என்றாள் உள்ளேயிருந்து.

"திற."

"ஏலாது."

"கதவு பூட்டினால் நான் சுவரால வருவன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. கீழே இறங்கினார். மின்விளக்குகள் அணைந்தன. சப்பாத்துச் சத்தம் படியில் ஏறியது. நான் எங்கள் படுக்கையறை வாசலை மறித்து நின்றேன். "இஞ்சருங்கோ, அது பிள்ளையின்ர அறை. உள்ளுக்கு நிக்கிறாள். விசரோ உங்களுக்கு?" சம்மட்டிப் பிடியை இரண்டு கையாலும் பற்றினேன். இவர் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். படிக் கைப்பிடியில் என் முதுகு மோதியது, மூச்சு நின்றுபோனது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சத்தியம் அவ்வளவு சுலபமாக முடிந்தது.

எழும்பி வருவதற்குள் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக், டொக். மறுபக்கத்திலிருந்து மகள் திருப்பித் தட்டினாள்.

"அப்பா, நான் இந்தச் சுவரில சாய்ஞ்சுகொண்டு நிக்கிறன்."

இவர் நின்றார். சம்மட்டி கீழே இறங்கியது. முடிந்தது, இனிக் கீழே போடுவார் என்று நினைத்தேன்.

"தள்ளி நில்லு" என்றார்.

"மாட்டன்."

"தள்ளி நில்லு எண்டு சொன்னனான்."

"மாட்டன், அப்பா."

நான் அலறினேன், தள்ளிப் போ பிள்ளை, தள்ளிப் போ என்று. இவர் காலை அகட்டி வைத்தார். சம்மட்டியைத் தோளுக்கு மேலே தூக்கினார். அடித்தார்.

மண் சுவர், ஒரே அடியில் போய்விட்டது. வரிச்சுக் கழிகள் முறிந்து மறுபக்கம் பாய்ந்தன. தூசு அடங்கியபோது ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். என் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்தாள். ஒரு கை தோளிலிருந்து தொங்கியது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கழுத்தோரம் கிழிந்து சட்டைக் கொலர் சிவந்துகொண்டு வந்தது. இவர் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, "தள்ளி நில்லெண்டு சொன்னனானெல்லோ, சொன்னனானெல்லோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து போனேன். கதவைத் திறக்க எனக்குப் பொறுமையில்லை.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார்கள். கழுத்துக் காயம் ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. காயத்தைப் பார்த்ததும் அவர்களே பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொலிசுக்கு முதல் மச்சாள் வந்துசேர்ந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, உண்மையாகவே விம்மி விம்மி அழுதார். மருமகளின் நெற்றியைத் தடவினார். பிறகு என்னைத் திரைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அவன் காருக்குள்ள இருந்து குழறுறான். சாகப்போறன் எண்டுறான். இஞ்ச பார், வீட்டு வேலை நடக்கேக்க பட்டதெண்டு சொல்லு. உள்ளுக்குப் பிள்ளை நிண்டது அவனுக்குத் தெரியாதெண்டு சொல்லு. பொய்யே? கொதியில அவனுக்கு என்ன தெரியும்? நீ ஒரு சொல்லு சொன்னால் இண்டைக்கே அவன் வீட்டை வந்திடுவான். சொல்லாட்டி பிடிச்சு மறியலில போட்டிடுவாங்கள், தெரியுமோ? பிள்ளைக்குத் தேப்பனை இல்லாமல் ஆக்கிப்போடாதை."

நான் அவரை நன்றாகப் பார்த்தேன். கெட்ட மனுசி இல்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன். தாய் அடிபட்டதைப் பார்த்து வளர்ந்தவர், சுவர் அடிபட்டால் அதையே சுகம் என்று நினைத்தவர். ஆனால் இந்தச் சனத்துக்கு அடுத்ததாக எதை உடைத்தால் போதும் என்று எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் வீட்டை போங்கோ, மச்சாள்" என்றேன்.

போகவில்லை. பொலிஸ்காரி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபோதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மகள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. அவள் தூங்குகிற முகம் எனக்குத் தெரியாதா? பொலிஸ்காரி நடந்ததைச் சொல்லச் சொன்னாள். தாழ்ப்பாள், மெயின் சுவிட்ச், சப்பாத்து, சம்மட்டி எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.  அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடிக்கும்போது, மகள் சுவருக்குப் பின்னால் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியுமா?"

மச்சாளின் விரல்கள் என் கையில் இறுகின. மகள் கண்ணைத் திறந்தாள்.

"தெரியும்" என்றேன்.